மூன்றாவது நிபந்தனை

“கடைசி அத்தியாயத்துல ஒரு கமா குறைஞ்சாலும் புத்தகம் உங்களுக்குக் கிடையாது.”

அந்த அம்மாள் இதை உள்ளே நுழைந்ததும் சொன்னாரா, உட்கார்ந்த பிறகு சொன்னாரா என்று பதிப்பாளருக்கு இப்போது நிச்சயமில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு மாதிரி சொல்கிறார். கைப்பையை மடியில் வைத்து, அதன் வாரை இரண்டு கைகளாலும் அவர் பிடித்திருந்த விதம் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

எழுத்தாளரின் காரியங்களைப் பார்த்துக்கொள்பவர் அவர். இரண்டு நாவல்களாகப் போனில் மட்டுமே கேட்ட குரல், அன்றுதான் நேரில் வந்திருந்தது. எழுத்தாளரையோ பதிப்பாளர் பார்த்ததே இல்லை. புனைபெயர் மட்டும்தான் தெரியும். இரண்டு நாவல்களும் அச்சு மை காய்வதற்குள் விற்றுத் தீர்ந்தவை. மூன்றாவதை இன்னொருவர் கையில் கொடுக்கப் பதிப்பாளருக்கு மனசில்லை.

“மேடம், பதினாறு பக்கம் ஒரு பாரம். கடைசி அத்தியாயம் இல்லாம இந்தக் கதை பதினெட்டு பாரத்துல கச்சிதமா முடியுது. அந்த அத்தியாயம் மூணே பக்கம். அந்த மூணு பக்கத்துக்காக இன்னொரு பாரம் ஓட்டணும். மீதிப் பதிமூணு பக்கம் வெள்ளைத்தாளா நிக்கும்.”

மூலை மேஜையில் ப்ரூஃப் பார்க்கும் பெண்ணின் சிவப்புப் பேனா நின்றது. பதிப்பாளர் அவள் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, நீ படிச்சியே. அந்த மூணு பக்கம் இல்லன்னா கதை நிக்காதா?”

அவள் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நிக்காது சார். கதாநாயகி கதவைத் திறந்துகிட்டு வெளியே வர்றதே அந்த மூணு பக்கத்துலதான்.”

“உன்னைப் போய்க் கேட்டேன் பாரு! வேலையைக் கவனி.”

“பதிமூணு பக்கத்துல உங்க மத்த புத்தகங்களுக்கு விளம்பரம் போடுங்க” என்றார் அம்மாள். “எங்க நாவலை வாங்குறவன் அதையும் பார்ப்பான்ல?”

முப்பது வருஷத் தொழிலில் இது தனக்குத் தோன்றவில்லையே என்று பதிப்பாளருக்கு இருந்தது.

“சரி, போடுறேன்.”

“ரெண்டாவது நிபந்தனை. இந்தத் தடவை சொந்தப் பேரு. பின்னட்டையில படம்.”

“அப்பாடா! நானே கேட்கணும்னு இருந்தேன். படம் எப்ப அனுப்புவீங்க?”

“இன்னிக்கே எடுத்துக்கலாம்.”

பதிப்பாளருக்கு உற்சாகம் வந்துவிட்டது. “ஒண்ணு சொல்றேன் மேடம். இவங்க பிரதியில பிழைன்னு ஒண்ணு கண்ணுல படாது. எங்க ப்ரூஃப் பொண்ணுக்கு வேலையே வைக்கிறதில்லை. அது சரி, நீங்க எப்படி இந்தத் தொழிலுக்கு வந்தீங்க?”

“முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில ஹெட் நர்ஸ். பார்வையாளர் நேரம் முடிஞ்சா எப்பேர்ப்பட்டவரையும் வெளியே அனுப்பிடுவேன். இப்ப அதே வேலையை எழுதுற ரூம் வாசல்ல பார்க்கிறேன். காலையில நாலு மணிலேருந்து ஏழு மணி வரைக்கும் ஈ காக்கா அண்டாது.”

“ஏழு மணிக்கு மேல?”

“வேலைக்குப் போகணுமே.”

“வேலைக்கா? இவ்வளவு பெரிய எழுத்தாளரா?”

“அடுத்த நாவல் பாதியில நிக்குது சார். ரெண்டு மாசம் முழுசாக் கிடைச்சா முடிஞ்சிடும். ஆனா முதலாளி இருக்காரே, லீவுன்னு வாயைத் திறந்தாலே மூஞ்சியைத் திருப்பிக்குவாரு. கெட்டவர்னு சொல்ல மாட்டேன். சிடுமூஞ்சி.”

பதிப்பாளர் மேஜையைத் தட்டினார். “யாரு மேடம் அந்த ஆளு? இப்படி எழுதுற கையை வச்சுக்கிட்டு லீவு குடுக்காதவன் மனுஷனா? எழுதிக் கேட்கச் சொல்லுங்க. குடுத்துத்தான் ஆகணும்!”

“குடுப்பாருங்கிறீங்க?”

“குடுக்கலன்னா என்கிட்ட சொல்லுங்க. நான் பேசுறேன்.”

அந்த அம்மாள் முதல்முறையாகச் சிரித்தார். கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து, அவர் முன்னால் விரித்து வைத்தார்.

“அப்ப இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க சார். அதுதான் மூணாவது நிபந்தனை.”

இரண்டு மாத விடுப்பு வேண்டி, நாலே வரி. நாவல்கள் கம்ப்யூட்டரில் அடித்து வந்ததால் எழுத்தாளரின் கையெழுத்தை அவர் கண்டதில்லை. ஆனால் இந்த எழுத்தை ஆறு வருஷமாகத் தினமும் பார்க்கிறார், ப்ரூஃபின் ஓரங்களில், சிவப்பு மையில்.

அவர் மூலைப் பக்கம் திரும்பினார்.

“ஆறு வருஷத்துக்கு முன்னாடி இதே மேஜையில ஒரு நாவலைக் கொண்டுவந்து வச்சா” என்றார் அம்மாள், குரலை உயர்த்தாமல். “‘ப்ரூஃப் பார்க்கிற வேலையைப் பாரு’ன்னீங்க. கட்டைக்கூடப் பிரிக்கலை. அப்புறம் புனைபெயர்ல அனுப்பினோம், நீங்க போட்ட இவளோட முதல் நாவல் அதேதான்.”

பதிப்பாளர் கையெழுத்துப் போட்டார்.

மூலையில் இருந்தவள் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தாள்.

“போலாமா, அத்தை?”

நாவல் அந்த மூன்று பக்கத்தோடும், பின்னட்டையில் அவள் படத்தோடும் வந்து நாலு பதிப்பு கண்டது. பதிப்பாளர் ப்ரூஃபுக்கு வேறு ஆள் வைத்திருக்கிறார். யார் கட்டுக் கொண்டுவந்தாலும் இப்போது பிரித்துப் படிக்கிறார். மாமியார் இன்றும் காலை நாலு மணிக்கு அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஏழு மணி ஆனாலும் இப்போது அந்த நாற்காலியை அவர் எடுப்பதில்லை.