இருபத்தொன்றாவது பல்

"ஆ காட்டு" என்று மூன்றாம் முறையும் சொல்லிப் பார்த்தேன். பிள்ளை உதட்டை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

சரியான கல்லுளிமங்கி. ஆறு வயது. சீருடைகூட மாற்றாமல் பள்ளியிலிருந்து நேராக என் நாற்காலிக்கு வந்திருக்கிறாள்.

எனக்குக் கொஞ்சிப் பேச வராது. பல் பிடுங்குகிறவளுக்கு எதற்குக் கொஞ்சல்? "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றேன். சிரிக்கவில்லை.

அம்மாக்காரிதான் பேசினாள். புதுப் பள்ளியில் சேர்த்ததிலிருந்து அங்கே இவள் வாயே திறப்பதில்லை. வீட்டில் பேசுகிறாள், சாப்பிடுகிறாள். பள்ளியில் ஒரு வார்த்தை கிடையாது, சாப்பாட்டு டப்பா அப்படியே திரும்பி வருகிறது. இப்போது கன்னத்தில் புண் வேறு. இப்படியே இருந்தால் வேறு இடம் பாருங்கள் என்று ஆசிரியை சொல்லிவிட்டாராம்.

"பல்வலியாலதான் பேசலைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க டாக்டரம்மா." கிட்டத்தட்டக் கெஞ்சினாள். பாவமாக இருந்தது.

பழைய பள்ளியை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். விட வேண்டியதாகப் போயிற்று என்று சொல்லிவிட்டுப் பையின் வாரைத் திருகினாள்.

ஒருவழியாக வாய் திறந்தது. உள்கன்னத்தில் புண். பல் குத்தி வந்த புண்ணென்றால் அதற்கு நேரே ஒரு கூரான பல் இருக்க வேண்டும். இங்கே எல்லாம் வழவழவென்று இருந்தன.

நாக்கைத் தூக்கச் சொன்னேன்.

அடியில் ஒரு பல் கிடந்தது.

தொண்டைக்குள் போயிருந்தால் என்ன கதி! இடுக்கியால் எடுத்துத் தட்டில் போட்டேன். பால்பல், கீழ்வரிசை முன்பல். எங்கேயிருந்து விழுந்தது என்று கண்ணாடியை விட்டுப் பார்த்தேன்.

எங்கேயிருந்தும் விழவில்லை. அவளுடைய பால்பற்கள் இருபதும் அதனதன் இடத்தில் ஆடாமல் அசையாமல் இருந்தன.

"யாரு பல்லு இது?"

வாய் காலியானதும் பேச்சு மடமடவென்று வந்தது. பழைய பள்ளியில் பக்கத்தில் உட்காரும் தோழியின் பல்லாம். வகுப்பிலேயே விழுந்ததாம். கழிப்பறைக்குப் போய் வாய் கொப்பளித்துவிட்டு வருகிறேன், கையில் வைத்தால் தொலைத்துவிடுவாய், வாயில் வைத்துக்கொள், நான் வரும்வரை திறக்காதே என்று சொல்லிவிட்டுப் போனாளாம். வீட்டில் மட்டும் அந்தப் பல்லை வாயிலிருந்து எடுத்து வைத்துவிடுவாளாம். தோழி வந்தால் பள்ளிக்குத்தானே வருவாள்?

அட, இவ்வளவுதானா என்றிருந்தது எனக்கு. ஒரு நாள் பழைய பள்ளிக்குப் போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வாயேன் என்றேன்.

அம்மாக்காரி என் கையைப் பிடித்துக் கதவோரம் இழுத்துப்போனாள். அவள் விரல்கள் சில்லிட்டிருந்தன. அன்றைக்குத்தான் அந்தக் கழிப்பறைச் சுவர் விழுந்தது என்றாள், காதோடு. அந்தப் பெண் உள்ளேதான் இருந்தாளாம். பள்ளியையே மூடிவிட்டார்களாம். இவளிடம் மட்டும், அவள் வெளியூர் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்று சொல்லி வைத்திருக்கிறாள்.

எத்தனையோ வாய்களைப் பார்த்த நான், அந்தப் பிள்ளையின் பக்கம் திரும்பப் பயந்தேன்.

நாற்காலியிலிருந்து அவளே கூப்பிட்டாள்.

"அம்மா, நான் இப்ப எந்த ஸ்கூல்னு அவகிட்ட யாராவது சொன்னீங்களா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"சொல்லியாச்சுடா கண்ணு" என்றாள்.

பிள்ளையின் முகம் மலர்ந்துவிட்டது. எட்டித் தட்டிலிருந்து அந்தப் பல்லை எடுத்தாள், வாயில் போட்டு உதட்டை மூடிக்கொண்டாள்.