பட்டியலில் இல்லாத கல்லூரி

நிறுவனத்தின் பட்டியலிலுள்ள பன்னிரண்டு கல்லூரிகளில் படித்தவர்களின் வேலை விண்ணப்பங்கள் மேலாளரின் மேசைக்குப் போகும். மற்றவற்றைப் படிக்காமலே சாக்கில் போட வேண்டும். ஜெயமணிக்கு அதுதான் வேலை. அன்று ஒரு விண்ணப்பத்தில், தான் படித்த கல்லூரியின் பெயரைக் கண்டதும் அவள் கை நின்றது. செந்தாமரை என்ற பெண்ணின் விண்ணப்பம். முழுக்கப் படித்துவிட்டு மேலாளரிடம் கொண்டுபோனாள்.

"இதைக் கொஞ்சம் பாருங்க சார். நல்லா படிச்ச பொண்ணு."

அவர் கல்லூரிப் பெயரோடு நிறுத்திக்கொண்டார். "இங்க படிச்சதுங்களுக்கு என்னம்மா தெரியும்?"

ஆறு வருடமாக அவருடைய கடிதங்களையெல்லாம் எழுதித் தருபவள் ஜெயமணிதான். அவள் எங்கே படித்தாள் என்று அவர் கேட்டதே இல்லை.

"ஒண்ணும் தெரியாது சார்" என்றாள்.

சாக்கின் வாயைக் கட்டும்போது தொலைபேசி அடித்தது.

"மேடம், நான் செந்தாமரை பேசறேன். என் அப்ளிகேஷனைப் பாத்தாங்களா?"

"பாத்தாங்கம்மா" என்றாள் ஜெயமணி. "முழுசா பாத்தாங்க."