ஏழாம் எண் விண்ணப்பம்

"அங்கிள், இந்தக் கையெழுத்து உங்கடைதானே?"

துஷாந்தி நீட்டிய தாளைக் குணரத்தினம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ஓம் பிள்ளை, என்ரைதான்."

மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோவுக்குப் பக்கத்தில் இருந்தது அவருடைய சிறிய சங்க அறை. பிரெஞ்சு வாசிக்கத் தெரியாதவர்கள், விசாப் பத்திரங்களைப் பார்க்கும் அரசு அலுவலகமான ப்ரெஃபெக்சரிலிருந்து வந்த கடிதங்களோடு சனிக்கிழமைகளில் அங்கே வருவார்கள். லிசேயில், அதாவது மேல்நிலைப் பள்ளியில், படிக்கும் பிள்ளைகள் வாசித்து விளக்குவார்கள்.

துஷாந்தி, லா ஷப்பல் தமிழ்ப் பள்ளியின் மாணவர் மதிப்பு மன்றத்தில் இரண்டு வருடமாக உறுப்பினர். படிப்பு, தொண்டு, தலைமை, நேர்மை என நான்கையும் பார்த்துத்தான் அதில் சேர்ப்பார்கள். இந்த வருடம் மிஞ்சியிருந்தது ஒரே இடம். ஆறாம் எண்ணுக்கும் ஏழாம் எண்ணுக்கும் போட்டி. பக்கம் சாயக்கூடாது என்று விண்ணப்பங்களில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். எழுதியிருப்பது உண்மையா என்று உறுப்பினர் ஒருவர் நேரில் போய் விசாரிக்க வேண்டும். ஏழாம் எண்ணுக்காகத்தான் துஷாந்தி இப்போது வந்திருந்தாள்.

"நாற்பது மணித்தியாலம் எண்டு எழுதியிருக்கு, அங்கிள். அவ்வளவும் வந்ததோ அந்தப் பிள்ளை?"

குணரத்தினம் தாளை மேசையில் வைத்தார். "ஏன் இப்பிடித் துருவித் துருவிக் கேக்கிறீர்? அது நல்ல பிள்ளை. பேர் வந்து..."

"பேர் சொல்ல வேண்டாம். அது எங்கடை விதி."

"சரி. எட்டு மணித்தியாலம்தான் வந்தது. ஆனா, வந்த எட்டும் வடிவாச் செய்தது. ஒரு வயசான அம்மாவுக்கு ஒரே கடிதத்தை மூண்டு தரம் விளங்கப்படுத்தினது. பிறகு சோதினை எண்டு வரேல்லை. போன கிழமை வந்து நிண்டு அழுதது. மனம் கேக்கேல்லை, நாற்பது எண்டு போட்டுக் குடுத்தனான்."

"அழுததோ?" துஷாந்தியின் பேனை நின்றது.

"ஓம். இஞ்சை பாரும் பிள்ளை, நீர் சரி எண்டு போட்டால் ஆருக்குத் தெரியப்போகுது? ஆருக்கு நட்டம்?"

"ஆறாம் நம்பருக்கு. அந்தப் பிள்ளை முப்பத்தொரு மணித்தியாலம் எண்டு எழுதினது. போய் விசாரிச்சனான். முப்பத்தொண்டும் உண்மை."

"உமக்கு இரக்கம் எண்டு ஒண்டு இல்லையோ?"

துஷாந்தி தாளைத் தன் பக்கம் இழுத்தாள். நாற்பதை வெட்டி எட்டு என்று எழுதினாள். பக்கத்தில் அவரையே கையெழுத்துப் போடச் சொன்னாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போட்டுக் கொடுத்தார்.

பள்ளியில் மன்றப் பொறுப்பாசிரியர் லூசியன் காத்திருந்தார். பாண்டிச்சேரிக்காரர். தாளைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"அடடா! ஏழுக்குத்தான் மார்க்கு அதிகம். அந்தச் சங்கத்துக்காரர் பிள்ளையோட பேரு ஏதாவது சொன்னாரா?"

"நான் சொல்ல விடேல்லை, மெஸ்யே."

"நல்லது. எட்டை நாப்பதுன்னு எழுதினவங்களை எடுக்க முடியாது. ஆறுக்கே கொடுத்துடலாம். நீ கிளம்பும்மா."

வீட்டுக்குப் போகும் ஆர்ஜொந்தெய் ரயிலில் துஷாந்திக்கு இருக்கை கிடைத்தும் அவள் உட்காரவில்லை. கைப்பேசி இரண்டு தடவை அதிர்ந்தது. அவள் எடுக்கவில்லை.

மணியை அடிக்கும் முன்பே தங்கை யசோதினி கதவைத் திறந்தாள். "அக்கா, என்ரை விண்ணப்பப் போமை விசாரிக்க ஆர் போனது எண்டு தெரியுமோ?"

"நான்தான்" என்றாள் துஷாந்தி. "உன்ரை எழுத்து எண்டு தெரிஞ்சுதான் போனனான். நாற்பதும் உண்மையா இருக்கும் எண்டு நம்பிப் போனனான்."