அச்சு முறுக்கு

“விடிஞ்சா கிறிஸ்துமஸ். இன்னும் எண்ணெய்ச் சட்டிய அடுப்புல ஏத்தலேன்னா எப்படி ஜெயக்கொடி?”

சூசைமாணிக்கம் எரிச்சல்பட்டது போலத்தான் கேட்டார். உள்ளுக்குள் அழுகை முட்டியது. மனைவி, குடிலில் சாய்ந்து கிடந்த ஆட்டுக்குட்டி பொம்மையை நிமிர்த்தி வைத்தாள்.

குவைத்தில் இருந்த ஒரே மகன் அருள்பாண்டி விபத்தில் இறந்து ஒன்பது நாள் ஆகிறது. கம்பெனியிலிருந்து இவருக்குத்தான் போன் வந்தது. பண்டிகை கழிந்துதான் உடலை அனுப்ப முடியுமாம். ஜெயக்கொடிக்கு இதய ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சொன்னால் அவளும் போய்விடுவாள் என்ற பயத்தில் அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அவளுக்குச் சந்தேகம் வரக் கூடாதே என்று வாசலில் ஸ்டார் கட்டினார். திருநகர் கடைகளில் ஏறி இறங்கிப் புதுச்சேலை எடுத்து வந்தார். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு சீரியல் பல்பு மாட்டுகிறவன் ஒரு தகப்பனா என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

பலகாரம் மட்டும் நடக்கவில்லை. வருஷா வருஷம் தெருவுக்கே அச்சு முறுக்கு கொடுக்கிற வீடு அது. இந்த வருஷம் அச்சைக் காணோம் என்றாள். பக்கத்து வீட்டு அஜ்மல் பீவியிடம் இரவல் வாங்கி வந்தார். மாவு சரியில்லை என்றாள். வேறு அரைத்து வந்தார். இப்போது தலை சுற்றுகிறதாம்.

கேரல் பாட வந்தவர்கள், அருள் வரவில்லையா என்று கேட்டார்கள். ஜெயக்கொடிதான் முந்திக்கொண்டு, லீவு கிடைக்கவில்லையாம் என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் அவர் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

கடைசியில், நீ படு, நானே சுடுகிறேன் என்று சட்டியை எடுத்தார். அவள் ஓடிவந்து பிடித்துக்கொண்டாள்.

“வேணாங்க. தம்பி வாரேன்னிருக்கான். அவன் பலகாரம் கொண்டாருவான்.”

சாயங்காலம் எழுமலையிலிருந்து அவள் தம்பி உக்கிரபாண்டி இரண்டு தூக்குவாளிகளோடு வந்து சேர்ந்தான். அவனைக் கண்டதும் சூசைமாணிக்கத்துக்கு அடக்க முடியவில்லை. கேட்டுக்கு வெளியே இழுத்துக்கொண்டு போய் அவன் தோளில் சாய்ந்து அழுதார்.

“மாப்ள, அருளு செத்துப்போயிட்டான்டா. ஒங்கக்காவுக்குத் தெரியாது. தெரிஞ்சா தாங்க மாட்டா.”

உக்கிரபாண்டி தூக்குவாளிகளைத் தரையில் வைத்தான்.

“அருளோட கூட்டாளி அக்காவுக்கு அன்னைக்கே போன் பண்ணிட்டான் மச்சான். ஒங்களுக்குத் தெரிஞ்சா நீங்க தாங்க மாட்டீகன்னு அது மறைச்சுக்கிட்டு இருக்கு. துக்க வீட்டுல எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாதுன்னு என்னையச் சுட்டுக் கொண்டாரச் சொல்லுச்சு.”