யூசுப்புக்கு ஊற்றிய கஞ்சி

"பேர் என்ன தம்பி?"

"யூசுப்" என்றான் ஜெயபாலன்.

தலையில் இருந்த சொங்கோக் தொப்பி அவனுடையதல்ல. வாடகை அறையில் முன்பு குடியிருந்தவர் ஆணியில் மாட்டியபடியே விட்டுப்போனது.

சன்னலுக்கு உள்ளே நின்ற, எல்லோரும் 'நானா' என்று கூப்பிடும் அப்துல் சமது அவனை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பெண்டஹாரா சாலையில் மசாலைக் கடை வைத்திருப்பவர். நோன்பு மாதம் முழுக்க, கஜா பெராங்கில் இருந்த அந்தச் சிறிய பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சி ஊற்றுவது அவர் பொறுப்பு.

"இன்னைக்குத் தீர்ந்துடுச்சு. நாளைக்கு வா" என்று நாலு பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்து அனுப்பினார்.

ஜெயபாலன் கோலாலம்பூரில் பல்கலைக்கழக மாணவன். சுதந்திரம் கிடைத்து நாலு வருஷம். அவன் பிறந்த தோட்டத்திலிருந்து அந்தப் படி ஏறிய முதல் ஆள் அவன்தான். அப்பா ஜாசின் பக்கம் ரப்பர் மரம் சீவுகிறவர். விடுமுறையில் மலாக்காவில் தங்கி, மூன்று வீடுகளில் பாடம் சொல்லிக்கொடுத்து, அடுத்த வருஷத்து விடுதிக் கட்டணத்தைச் சேர்த்துக்கொண்டிருந்தான்.

அதில் கை வைக்காமல் வயிற்றைக் கழுவ வேண்டும். காலையில் கறுப்புக் காப்பி, ஒரு ரொட்டி. மதியம் மூலையில் இருந்த முஸ்லிம் கடையில் சோறு, மேலே குழம்பு மட்டும். "மீன் வைக்கட்டுமா?" என்று கேட்டால், வயிறு சரியில்லை என்பான்.

நோன்பு பிறந்ததும் அந்தக் கடை பகலில் மூடிக்கொண்டது. இரண்டு நாள் அவித்த மரவள்ளிக் கிழங்கு. மூன்றாம் நாள் பாடம் சொல்லிக்கொடுக்கும்போது கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. அன்று மாலைதான் கஞ்சி வாசனை அவனைப் பள்ளிவாசல் வரிசையில் கொண்டுபோய் நிறுத்தியது.

நோன்பு பிடிக்காதவனுக்கு, அதுவும் முஸ்லிம் அல்லாதவனுக்கு, யார் ஊற்றுவார்கள் என்று அவனே முடிவு கட்டிக்கொண்டான். அதனால்தான் தொப்பி. அதனால்தான் யூசுப்.

மறுநாளிலிருந்து கிடைத்தது. எல்லோரும் தூக்குச்சட்டியைச் சன்னல் வழியாக உள்ளே கொடுப்பார்கள். நிரம்பியதும் சமது பேர் சொல்லிக் கூப்பிடுவார். "யூசுப்" என்ற குரல் கேட்டதும் வாங்கிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் அறைக்கு ஓடிவந்து, தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு குடிப்பான்.

அப்படிப் பத்து நாள் போனது.

அன்று ஒரு வீட்டில் பாடம் இல்லை. மூன்று மணிக்கே பள்ளிவாசலுக்குப் போய்விட்டான். தூக்குச்சட்டியை அலம்பலாம் என்று பின்கட்டுக்குப் போனான்.

அடுப்பில் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. சமது அவனுக்கு முதுகைக் காட்டி நின்று, ஒரு தட்டு நிறையக் கொத்திய இறைச்சியை அதற்குள் தள்ளிக்கொண்டிருந்தார்.

ஜெயபாலன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

"ஆட்டுக்கறியா நானா?"

"ஆடு விக்கிற விலைக்கு அண்டாக் கஞ்சிக்கா? மாடுதான். தினமும் மாடுதான்" என்றார் அவர், திரும்பாமலே.

கையிலிருந்த சட்டி சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டது. சமது திரும்பினார். யாரென்று பார்த்ததும் அவர் முகம் மாறியது.

ஜெயபாலன் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஓடி, குழாயடியில் குனிந்து வாந்தி எடுத்தான். வெறும் காப்பித் தண்ணீர்தான் வந்தது. இரண்டு விரலை விட்டு மறுபடியும் எடுத்தான்.

பத்து நாள். துணுக்குகூடக் கண்ணில் படவில்லையே. வெந்து கரைந்திருக்கும். அதைத்தான் சட்டியை வழித்துக் குடித்திருக்கிறான். நாளை மறுநாள் மாசி மகம். அவன் பரீட்சையில் தேற வேண்டுமென்று அம்மா பால்குடம் எடுக்கப்போகிறாள். அதற்காக ஒரு மாதமாக அவள் மீன்கூடத் தொடவில்லை.

சமது பின்னாலேயே வந்து நின்றார்.

"தம்பி..."

"என் பேர் யூசுப் இல்ல. ஜெயபாலன். நான் இந்து."

"பேர் தெரியாது. மத்தது தெரியும்" என்றார் சமது மெதுவாக. "காது குத்தின துளை தெரியுதே தம்பி. முதல் நாளே பார்த்துட்டேன்."

ஜெயபாலன் நிமிர்ந்தான்.

"தெரிஞ்சே ஊத்துனீங்களா? பொய் சொன்னது என் தப்புதான். விரட்டியிருக்கலாமே. நாலு அறை விட்டிருக்கலாமே. தெரிஞ்சுக்கிட்டே மாட்டுக் கஞ்சியக் கொடுத்து, தினமும் சன்னலுக்கு உள்ள நின்னு வேடிக்கை பார்த்தீங்களா? நீங்கல்லாம் ஒரு பெரிய மனுஷனா?"

சமது வாயைத் திறந்தார். அதற்குள் பின்பக்கக் கதவு கிறீச்சிட்டது.

யாரோ வருகிறார்கள். ஜெயபாலன் சட்டென்று தொட்டிக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டான்.

வந்தது சமதுவின் மனைவி ரஹீமா. தலையில் முக்காடு, கையில் துணியால் மூடிய ஒரு சின்ன மண்சட்டி. வெயிலில் நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. சமது கையை உயர்த்தி ஏதோ ஜாடை காட்டினார். சட்டியை இறக்கி வைக்கும் மும்முரத்தில் அவள் அதைக் கவனிக்கவில்லை.

"இந்தாங்க, உங்க யூசுப்புக்கு. பருப்பும் தேங்காய்ப்பாலும் மட்டும்தான். அந்த அண்டாக் கரண்டிய இதுல போட்டுடாதீங்க, தனிக் கரண்டி உள்ள இருக்கு" என்றாள் அவள். "சன்னல்ல கொடுக்கறப்ப எப்பவும்போல யூசுப்புன்னே கூப்பிடுங்க. நமக்குத் தெரியும்னு தெரிஞ்சா, அந்தப் பிள்ளை நாளையிலேர்ந்து வராது. பட்டினி கிடக்கும்."