பரீட்சைப் பல்

"இன்னும் இருபத்திரண்டு மணி நேரம்தான்ப்பா. அதுவரைக்கும் ஊசி, குச்சி எதுவும் வாய்ப்பக்கம் போகக் கூடாது."

"தையல்காரனைப் பாத்து ஊசியைத் தொடாதேங்கறியே. கடையை மூடிட்டு வீட்ல உக்காரவா?"

"துணியைக் குத்துங்க. பல்லிடுக்கைக் குத்தாதீங்க."

அப்பா தையல் மெஷினுக்குப் பின்னாலிருந்து உதட்டைப் பிரிக்காமல் சிரித்தார். மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தாள், எழுந்தாள், கடை வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள்.

நாளைக் காலை பத்து மணிக்குப் பல் மருத்துவக் கல்லூரியில் அவளுக்குச் செய்முறைத் தேர்வு. அறுபது வயது தாண்டிய ஒருவரை மாணவியே அழைத்து வர வேண்டும். அவருடைய பல்லிடுக்குகளில் அழுக்கு படிந்து காரையாகக் கெட்டிப்பட்டிருக்க வேண்டும். தேர்வாளர் கண்ணெதிரே அதை ஈறு கிழியாமல் எடுத்துக் காட்ட வேண்டும். வந்தவரின் பல் சுத்தமாக இருந்துவிட்டால் தேர்வே கிடையாது. அடுத்த வாய்ப்பு ஆறு மாதம் கழித்துத்தான்.

போன முறை அப்படித்தான் ஆனது. ஒரு வாட்ச்மேன் பெரியவரை நான்கு வாரம் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். அவர் தேர்வுக்கு முந்தின நாள் வேறு எங்கோ போய்ச் சுத்தம் செய்துகொண்டு, வாயெல்லாம் பளபளக்க வந்து உட்கார்ந்தார். "பெரிய டாக்டருங்க பாக்கற இடமாச்சே பாப்பா, அழுக்கு வாயோட வந்தா உனக்குத்தானே அவமானம்?" என்றார். அவரைத் திட்டக்கூட முடியவில்லை.

அதனால்தான் இந்த முறை வெளியாள் வேண்டாம் என்று, நான்கு மாதத்துக்கு முன்பே அப்பாவின் வாயில் டார்ச் அடித்துப் பார்த்தாள். கீழ் வரிசை முன்பற்களுக்குப் பின்னால் காரை சுவரே எழுப்பியிருந்தது. ஈறு லேசாகச் சிவந்திருந்தது. பல் எதுவும் ஆடவில்லை.

"புதையல்ப்பா" என்று குதித்தாள். "நாலு மாசத்துல ஒண்ணும் ஆயிடாது. அப்படியே இருக்கட்டும்."

அதற்குப் பிறகு அவர் வாயைக் காட்டவே இல்லை. எப்போது கேட்டாலும், "கேள்வித்தாளை முன்கூட்டியே பாக்கக் கூடாது" என்பார். அந்த வேடிக்கைப் பேச்சைத்தான் அவள் நம்பவில்லை. வாட்ச்மேனும் கடைசிவரை இப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தார்.

அம்மா டீயும் பிஸ்கட்டும் கொண்டு வந்தாள். அப்பாவுக்கு மட்டும் சர்க்கரை போடாத டீ.

"இந்தாடி டாக்டரம்மா, ஒரு விஷயம். உங்கப்பா காலையில உப்புத் தண்ணி வெச்சுக் கொப்பளிச்சார்."

மகள் ஸ்டூலிலிருந்து எழுந்தே விட்டாள். "எதுக்குப்பா?"

"தொண்டை கட்டுச்சு."

"தொண்டைக்கு மட்டும்தானா? பல்லை ஏதாவது நோண்டினீங்களா?"

"எல்லா வீட்லயும் பல்லை ஒழுங்காத் தேயுன்னு சண்டை நடக்கும். இங்க மட்டும் தலைகீழா நடக்குது" என்றாள் அம்மா.

அப்பா பிஸ்கட்டை டீயில் முக்கினார். அது ஊறிப் பாதியாக உடைந்து உள்ளே விழுந்தது. கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டார்.

"இப்பல்லாம் ரொட்டியும் ஊறணும், பிஸ்கட்டும் ஊறணும். வயசாக ஆகச் செல்லம் கூடிப்போச்சு" என்று டம்ளரை வாங்கிக்கொண்டு போனாள் அம்மா.

அப்பா மகளுடைய வெள்ளைக் கோட்டை மடியில் போட்டுக் கடைசிப் பொத்தானைத் தைத்தார். "தெருக்கோடி பல் டாக்டருக்கும் நான்தான் கோட்டு தைக்கிறேன். ஆனா இந்தக் காலர் மாதிரி அவருக்கு அமையல."

முடிச்சுப் போட்டதும் நூல் பழக்கத்தில் வாய்ப்பக்கம் போனது. பாதி வழியில் கை நின்றது. கத்திரிக்கோலை எடுத்து வெட்டினார்.

"பரவாயில்லையே. நூலைக் கடிக்காதீங்கன்னு எத்தனை வருஷமாக் கத்தினேன்."

"நீ சொல்லிக் கேக்காம இருப்பேனா?"

மறுநாள் பத்து மணிக்கு அப்பா நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார். காரை அப்படியே இருந்தது. அவளுக்கு மூச்சு திரும்பி வந்தது. கருவியைக் கையில் எடுத்தாள். நாற்பது நிமிடம் நிமிரவில்லை. இடுக்கு இடுக்காக, துணுக்குத் துணுக்காக எடுத்தாள். அப்பா நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார்.

தேர்வாளர் மெல்லிய கம்பியை ஒவ்வோர் இடுக்கிலும் விட்டுப் பார்த்தார்.

"நல்லா எடுத்திருக்கேம்மா. ஈறுல ஒரு கீறல் இல்ல. பாஸ்."

பிறகு கையுறை விரலைக் கீழ்ப் பற்களில் வைத்தார். நடுவிலிருந்த இரண்டும் முன்னும் பின்னும் அசைந்தன.

"இந்த ரெண்டும் நிக்காது. இத்தனை நாள் காரைதான் இதுகளைப் பிடிச்சு வெச்சிருக்கு. சர்க்கரை இருக்கிறவருக்கு எலும்பு சீக்கிரம் கரைஞ்சிடும், உனக்குத் தெரியாததா? மூணு மாசம் முன்னாடி சுத்தம் பண்ணியிருந்தா காப்பாத்தியிருக்கலாம்."

மகள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மறுபடி மாட்ட மறந்து நின்றாள்.

"அப்பா, பல் ஆடறது உங்களுக்குத் தெரியவே இல்லையா?"

அப்பா கொப்பளித்துத் துப்பினார். கை நீட்டி அவளுடைய கோட்டுக் காலரைச் சரி செய்தார்.

"தெரியும்மா. மூணு மாசம் முன்னாடி தெருக்கோடி டாக்டருக்குக் கோட்டு அளவெடுக்கப் போனேன்ல, அவர் பாத்துட்டு, இப்பவே சுத்தம் பண்ணலேன்னா ரெண்டு பல்லும் போயிடும், உக்காருன்னார். இது என் பொண்ணு பரீட்சைக்கு வெச்சிருக்கு டாக்டர், கை வெக்காதீங்கன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துட்டேன்."