மூன்றாம் தட்டு

செம்பூர் ஆய்வுக்கூடத்தில் எங்கள் வேலை, இரும்பே இல்லாத தட்டுகளில் பாக்டீரியாவை வைத்துப் பார்ப்பது. இரும்பு கிடைக்காவிட்டால் அது பெருகாது. இரும்பைப் பிடித்திழுக்கும் புரதங்களை உடம்பின்மேல் நீட்டிக்கொண்டு காத்திருக்கும்.

உடன் வேலை செய்யும் தங்கமயிலுக்கு ஆறாம் மாதம். காத்துக்கருப்பு அண்டாமலிருக்க மாமியார் இடுப்பில் செருகிவிட்ட ஆணியோடு தாராவியிலிருந்து வந்தாள். உள்ளே இரும்பு ஆகாது என்று, அதை வாசலிலேயே வைக்கச் சொன்னேன்.

"அத்தைக்குத் தெரிஞ்சா கொன்னுருவாவ, அக்கா" என்று சிரித்துக்கொண்டே வைத்தாள்.

மறுநாள் மூன்றாம் தட்டில் வளர்ச்சி இருந்தது. மூன்று முறை சோதித்தோம்; அதில் இரும்பு இல்லை. வளர்ச்சி அவள் நாற்காலிப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. தட்டைத் திருப்பி வைத்தேன். காலையில் மறுபடியும் அவள் பக்கமே சாய்ந்திருந்தது.

"அக்கா, ரத்தம் பத்தலைன்னு டாக்டர் ஏசுதாரு. ஹீமோகுளோபின் போன வாரம் பதினொண்ணு, இப்ப எட்டு. மாத்திரையை ஒரு நாளும் விடலியே. புள்ளைக்கு ஒண்ணும் ஆயிராதுல்லா?"

ஆணியை அவள் கையில் கொடுத்து, அன்றே விடுப்பில் அனுப்பினேன்.

பத்து நாள் கழித்துப் போன் செய்தாள். "ஒம்பதரை ஆயிட்டுக்கா!"

நிம்மதியோடு தட்டை எடுத்துப் பார்த்தேன். வளர்ச்சி குறையவில்லை. என் நாற்காலிப் பக்கம் திரும்பியிருந்தது.